கோட்டையைப் பிடித்த கலவை

எடின்பரோ வியாபாரி ஆண்ட்ரூ அஷர், விஸ்கியோடு விஸ்கி கலந்து விற்றுப் பெயர் வாங்கியது 1850-களில். அதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் முந்தியே கல்கத்தா வெள்ளைக்காரர்கள் வீட்டுக்கு வீடு சரக்குக் கலந்துகொண்டிருந்தார்கள். பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது. ஒரு கிண்ணமும் கொஞ்சம் துணிச்சலும் போதும்.

1690 ஆகஸ்ட் 24, கொட்டுகிற மழையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக், பின்னாளில் கல்கத்தா ஆன சுதாநுட்டியில் வந்து இறங்கினார். அப்புறம் பைட்டக்கானா மரத்தடியில் ஹூக்காவும் கையுமாக, பக்கத்தில் பஞ்ச் கிண்ணத்தோடு உட்கார்ந்துதான் வியாபாரம் பேசுவார் என்று ஊரில் ஒரு கதை. மூன்று வருஷம் முடியுமுன் ஆள் காலி. அவர் சமாதிக் கல் நம்ம பல்லாவரம் பக்கத்துக் கல். அந்தப் பாறை வகைக்கே பின்னாளில் சார்னாக்கைட் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பஞ்ச் என்றால் சாராயம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, ஜாதிக்காய்ப் பொடி, தண்ணீர். சாராயத்துக்கும் குலம் கோத்திரம் உண்டு: படேவியா, கோவா, கொழும்பு என்று. உள்ளூர்ச் சரக்குக்குக் கடைசிப் பந்திதான். அதை அப்படியே விட்டால் தொண்டை எரியும், எலுமிச்சை பிழிய வேண்டும். புளித்தால் சர்க்கரை. திகட்டினால் தண்ணீர். சப்பென்று ஆனால் மறுபடி சாராயம். இந்தக் கணக்கு எங்கே முடியும்? கலக்குகிறவர் கீழே சாயும்போதுதான்.

சில்லென்று வேண்டுமென்றால் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, பாட்டிலை அதற்குள் வைத்துத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். வெடியுப்பு கரையும்போது தண்ணீர்ச் சூட்டை இழுத்துக்கொள்ளும். இதற்கென்றே ஆப்தார் என்று ஒரு வேலைக்காரர். பீகாரிலிருந்து கம்பெனி கப்பல் கப்பலாக அள்ளிப்போன பீரங்கி மருந்துச் சரக்கு அது. கொஞ்சம் இப்படிப் பாட்டிலுக்கும் போனது. பாஸ்டனிலிருந்து ஐஸ் கட்டி கப்பலேறி வர 1833 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாகம் அதுவரை பொறுக்குமா?

அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் வியாபாரி ஒரு வருஷத்துக் கணக்கை எழுதிவைத்திருக்கிறார்: ஆகஸ்டில் ஊரில் சுமார் 1,200 ஆங்கிலேயர்; ஜனவரி பிறக்குமுன் 460 பேர் அடக்கம். பழியைக் கொசுவும் கிண்ணமும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். மிச்சம் இருந்தவர்கள் கிண்ணத்தை விட்டதாகத் தெரியவில்லை.

இதெல்லாம் வீட்டுக் கலவை. கடற்படைக் கலவைக்குச் சட்டமே இருந்தது. மாலுமிகளுக்குப் போதை தலைக்கேறக் கூடாது என்று 1740-ல் அட்மிரல் வெர்னன், ஒரு பங்கு ரம்முக்கு நாலு பங்கு தண்ணீர் ஊற்றச் சொன்னார். கிராக் என்று பெயர். நம் பக்கம் ரம்முக்குப் பதில் சாராயம். உத்தரவு எந்த அழகில் வேலை செய்தது என்பதற்கு ஸ்ட்ராஹன் என்ற மாலுமி சாட்சி.

1756 ஜூனில் வங்காள நவாப் சிராஜ் உத்தௌலா கல்கத்தாவைப் பிடித்துவிட்டார். திரும்பப் பிடிக்கச் சென்னையிலிருந்து அட்மிரல் வாட்சனும் கிளைவும் கிளம்பினார்கள். டிசம்பர் கடைசியில், வழியில் பஜ் பஜ் கோட்டை. மாவீரர் கிளைவ் ராத்திரியெல்லாம் நடந்த அலுப்பில், காவல்கூடப் போடாமல் படையோடு தூங்கிவிட்டார். நவாபின் ஆள் மாணிக்சந்த் வந்து எழுப்பினார், துப்பாக்கியால். எப்படியோ தப்பித்தார்கள். விடிந்ததும் கோட்டைமேல் பாயலாம் என்று திட்டம் போட்டாயிற்று.

ஸ்ட்ராஹன் 'கெண்ட்' கப்பலின் சாதாரண மாலுமி. அன்று ஊற்றிய கிராக் உள்ளே போனதும் விடியும்வரை காத்திருப்பானேன் என்று தோன்றிவிட்டது. தனியாளாக அகழியைக் கடந்தார், பீரங்கி இடித்த சுவர் வழியே ஏறினார், துப்பாக்கியை வெடித்து, கோட்டை என்னுடையது என்று கத்தினார். உள்ளே இருந்தவர்கள் பாய்ந்தார்கள். கத்தி பாதியில் முறிந்தது. சத்தம் கேட்டுக் கூட்டாளிகளும் ஓடிவர, கோட்டை விழுந்தது. அந்த இருட்டுக் குழப்பத்தில் கேம்பெல் என்ற கேப்டன் சொந்தப் படையின் குண்டுக்கே பலி.

மறுநாள் வாட்சன் முன்னால் விசாரணை. கோட்டையைப் பிடித்தது நான்தான், அதில் ஒன்றும் தப்பில்லையே என்றாராம் ஸ்ட்ராஹன், தலையைச் சொறிந்துகொண்டே. அட்மிரல் திட்டி, கசையடி கிடைக்கும் என்று மிரட்டி அனுப்பினார். இதற்கு அடித்தால் இந்த ஜன்மத்தில் இனித் தனியாகக் கோட்டை பிடிக்க மாட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். வாட்சனோடு வந்த வைத்தியர் எட்வர்ட் ஐவ்ஸ், 1773-ல் அச்சான தன் புத்தகத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

1757 ஜனவரி 2-ல் கல்கத்தா திரும்பக் கிடைத்தது, ஜூன் 23-ல் பிளாசிச் சண்டை. தூங்கிப்போன கிளைவுக்குப் பிரபு பட்டம். தூங்காத ஸ்ட்ராஹனுக்கு அடுத்தடுத்த சண்டைகளில் காயம், சின்னதாக ஒரு பென்ஷன். பெரிய போர்க்கப்பல் ஒன்றில் சமையல்காரர் ஆக வேண்டும், வேறு ஆசையே இல்லை என்றாராம்.