அனுமந்தை வெண்பொடி வழக்கு: முறையியல் நோக்கில் ஓர் ஆய்வு

1. முன்னுரை

மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர் அனுமந்தை. அங்கே விருந்துக்கு வந்த துப்பறிவாளர் ஒருவர் (பதவி: மருமகன், தகுதி: ராஜேஷ்குமார் நாவல்களில் ஆழ்ந்த பயிற்சி) ஒரே விடியலில் கண்டுபிடித்த கடத்தல் கும்பலைப் பற்றியது இக்கட்டுரை. அப்படி ஒரு கும்பல் இல்லை என்பது ஆய்வுக்குத் தடையன்று.

2. சான்றுகளின் வகைப்பாடு

அ) காலச் சான்று: விடியுமுன் டார்ச் வெளிச்சத்தில் ஆள் நடமாட்டம். யோக்கியர் அந்நேரம் உறங்குவர்.

ஆ) மறைப்புச் சான்று: வெள்ளைக் குவியல்கள், மேலே கீற்று.

இ) சங்கேதச் சான்று: பாத்தித் தண்ணீரில் கண்ணாடிக் குழாய் ஒன்றை மிதக்கவிட்டுப் பார்த்த ஒருவர், “இருபத்தஞ்சு வந்துட்சிண்ணே, நாளைக்கு வாரிடலாம்” என்றார். இதற்கு நான்கு உரைகள் உண்டு.

முதல் உரை: 25 கிலோ (டீக்கடை, வாசல் பெஞ்சு).

இரண்டாம் உரை: 25 லட்சம் (மேற்படி கடை, உள் பெஞ்சு, இரண்டாம் டீ, கடன்).

மூன்றாம் உரை: 25ஆம் தேதி படகு வருகிறது (மாமனார் வீட்டுச் சுவடி: கிழித்த காலண்டர் தாள், பின்பக்கம், பால் கணக்குக்குக் கீழே, எண்ணெய்க் கறையால் சிதைந்த இரண்டாம் வரி, பாடபேதம்: மாமியார்).

நான்காம் உரை உப்பளத்துக்காரருடையது. கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைத்தால் செறிவு ஏறும், போமே அளவில் 25 டிகிரியை ஒட்டி உப்பு படியத் தொடங்கும், 30 தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும், அதனால்தான் குழாய். வெயில் ஏறுமுன் வாரிவிட வேண்டும், அதனால்தான் டார்ச். மழையில் கரையாதிருக்கக் கீற்று. வேலை செய்கிறவரே சொல்வதால் இது முதல்நிலைச் சான்று. ஆகவே அடிக்குறிப்புக்குக்கூடத் தகாது. ஒற்றைப் பானை ஓட்டை வைத்துத் துறைமுகம் கட்டி, கப்பலும் விட்டுவிடும் பெரியோர் இதில் குறை காணமாட்டார்கள்.

3. வேதியியல் சோதனை

துப்பறிவாளர் சினிமா மரபுப்படி பொடியைச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கரித்தது. சரக்கில் உப்பைக் கலந்து கும்பல் ஊரை ஏமாற்றுகிறது என்ற கிளைக் கண்டுபிடிப்பு இவ்வாறு பிறந்தது.

4. முடிவுரை

முடிவு முதலில் கிடைத்துவிட்டால் சான்று தானே வந்து சேரும். உப்பு விளைய 25 டிகிரி வேண்டும். ஆய்வு விளைய ஒரு டிகிரி போதும்.