இருபதாம் தேதி முடியட்டும்

பனியன் கம்பெனிக்காரர் நூறு ரூபாய்க்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தாலும் ஆடிட்டர் சார் வவுச்சர் கேட்பார். காசு கொடுத்தது யார், சரிபார்த்தது யார், கையெழுத்து யாருடையது என்று துருவுவார். அதே சாரின் திருப்பூர் ஆபீஸில் அவரையும் சேர்த்து ஆறு பேர் ஒரே ஜிமெயிலில் குடியிருக்கிறார்கள். பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. பார்ட்டிக்குப் பதில் போட்டது யார், வந்த நோட்டீஸை அழித்தது யார் என்று கேட்டால் ஐந்து பேர் மின்விசிறியைப் பார்ப்பார்கள். எல்லா மெயிலுக்கும் அடியில் பெயர் மட்டும் சாருடையது.

இந்த இனத்தை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஆடிட்டர்தான் என்றில்லை; வக்கீலாகவோ, வீட்டு பிளான் போடும் இன்ஜினீயராகவோ இருக்கலாம். போர்டில் ‘அண்டு கோ’ இருக்கும். மெயில் முகவரியில் மகள் பெயரும் அவள் பிறந்த வருடமும் இருக்கும்.

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தபோது, 1 ஜிபி இலவசம் என்றதைப் பலர் ஏப்ரல் ஃபூல் என்றே நினைத்தார்கள். சார் நம்பினார். யாரிடமோ அழைப்பு வாங்கி உள்ளே போனவர், இன்றுவரை வெளியே வரவில்லை. அந்த 1 ஜிபி இப்போது 15 ஆகிவிட்டது. ஆனால் அதை மெயிலும் டிரைவும் போட்டோஸும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு செப்டம்பரில், டேக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் நெருக்கடியில், பார்ட்டிகள் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்டெல்லாம் திரும்பிப் போயின. இடத்தை அடைத்திருந்தது எவருடைய பேலன்ஸ் ஷீட்டும் அல்ல, பேத்தியின் காதுகுத்து வீடியோ. சாரின் போனிலும் ஆபீஸ் கணக்கே லாகின் ஆகியிருந்ததால், எல்லாம் தானாக மேலே ஏறியிருந்தது.

அன்றைக்குத்தான் சி.ஏ. பயிற்சிக்கு வந்திருக்கும் ஆர்ட்டிகிள் பையன் வாயைத் திறந்தான்.

“ஆபீஸ் பேர்லயே ஆளுக்கொரு ஐடி போட்டுக்கலாமுங்க சார்.”

“மாசம் எவ்வளவு கண்ணு?”

“ஆளுக்கு இவ்வளவுன்னு வருமுங்க.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். ஒரே தடவை வரும் செலவுக்கு யோசிப்பார். மாதாமாதம் வரும் செலவுக்குக் கண்ணாடியைக் கழற்றுவார்.

எக்ஸெலில் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரானது. கூகுள் ஒர்க்ஸ்பேஸ் பழகிய முகம்தான். ஆனால் தலைக்குக் கட்டணம். மைக்ரோசாஃப்ட் 365 எடுத்தால் எக்ஸெலும் சேர்ந்து வரும், “இருக்கற எக்ஸெலுக்கு என்ன குறைச்சல்?” ஸோஹோவின் இலவசத் திட்டத்தில் ஐந்து பேர் வரை காசில்லை, ஆனால் அவுட்லுக்கில் இழுக்க முடியாது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனி என்பதில் சாருக்குப் பெருமை. 2025 அக்டோபரில் அமித் ஷாவே ஸோஹோ மெயிலுக்கு மாறியதாக அறிவித்ததும் அந்த வரிசைக்குப் பச்சை வண்ணம் அடித்தார். ஆனால் ஆபீஸில் ஆறு பேர். ஒருவரைக் கழித்துவிடலாமா என்று யோசனை எழுந்தது. ஆறு பேரில் மெயிலே திறக்காதவர் சார்தான் என்று தெரிந்ததும் அது கைவிடப்பட்டது.

நடுவில் வெப்சைட் போட்டுக் கொடுத்தவர், “ஹோஸ்டிங்கோட மெயில் ஃப்ரீயாவே வருதுங்க” என்றார். அந்த சர்வரில் கூடக் குடியிருந்த யாரோ லாட்டரி மெயில் அனுப்ப, சாரின் ஃபீஸ் பில்கள் பார்ட்டிகளின் ஸ்பேமில் போய் விழுந்தன. டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்று இரண்டு பதிவுகள் போட்டால்தான் மெயில் நம்முடையதுதானா என்று எதிர்ப்பக்க சர்வர் சரிபார்க்க முடியும் என்று பையன் விளக்கினான். “அட்டெஸ்டேஷன்” என்றார் சார். அத்தனை விளக்கத்திலும் அது ஒன்றுதான் உடனே புரிந்தது.

கடைசியில் காசு கட்டியே ஆறு ஐடி வாங்கியாயிற்று. மாறுவதற்குத்தான் நாள் கிடைக்கவில்லை. 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 11 ஜிஎஸ்டிஆர்-1. 15 பிஎஃப், ஈஎஸ்ஐ. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்றால் அட்வான்ஸ் டேக்ஸும். 20 ஜிஎஸ்டிஆர்-3பி. “இருபது முடியட்டும்” என்பார். 21-ஆம் தேதி காலையில், இருபதைக் கோட்டைவிட்டவர்கள் லேட் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டு வந்து நிற்பார்கள். அரசு கெடுவை நீட்டித்தால் சாரும் மெயிலை நீட்டித்துவிடுவார்.

இன்னொரு தடை ஓடிபி. பல பார்ட்டிகளின் இன்கம் டேக்ஸ் கணக்கில் பதிவாகியிருப்பது சாரின் பழைய ஐடி. மாற்ற வேண்டுமானால் ஒவ்வொருவரையும் போனில் பிடித்து ஓடிபி வாங்க வேண்டும். “ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க” என்று ஒரு சாயப்பட்டறைக்காரர் போனை வைத்துவிட்டார்.

இப்போது புது விசிட்டிங் கார்டு அச்சாகி வந்துவிட்டது. அதில் புது முகவரி பெரிதாகவும், பழையது அதன் கீழே சிறிதாகவும் இருக்கின்றன. புதியதற்கு வருவதெல்லாம் தானாகப் பழைய ஜிமெயிலுக்கே போகும்படி பையன் செட்டிங் போட்டிருக்கிறான். சார் கார்டை நீட்டி, “இனிமே இதுக்கே அனுப்புங்க” என்கிறார். பார்ட்டி படிக்கட்டு இறங்குவதற்குள் மேலேயிருந்து குரல் வருகிறது: “அனுப்பிட்டு அந்த பிடிஎஃபை வாட்ஸ்அப்லயும் போட்டுருங்க!”