ஜன்னலில் தொங்கும் மாவு

இயந்திரமே கூடாது என்று கட்டையால் பாஸ்தா மாவு தேய்க்கிறவர், அதை விரித்து முடித்ததும் வெட்டிவிடுவார் என்று நினைத்தால் ஏமாந்தோம். முதலில் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோவார். இத்தாலியில் பொலோன்யா ஊரில் ஒரு பழைய பேச்சு உண்டு: விரித்த மாவைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருக்கும் சான் லூக்கா தேவாலயம் அதன் வழியே தெரியவேண்டும். சொன்னவர்கள் மெலிசாகத் தேய் என்ற பொருளில் சொன்னார்கள். நம் கட்டைக்காரர் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார். அவருடைய ஜன்னலுக்கு எதிரே இருப்பது கார் நிறுத்துமிடம். அதனால் என்ன, கோயில் தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு நம்மைப் பார்க்கச் சொல்வார். பிறகு வெளிச்சம் சரியில்லை என்று அடுத்த ஜன்னலுக்குப் போவார். படுக்கை விரிப்பை உதறப்போகிறவர் மாதிரி இரண்டு கையிலும் மாவைத் தாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குள் நடந்துபோகும்போது குழந்தைகள் ஒதுங்கி வழிவிடும். தெரியவில்லை என்று யாராவது உண்மையைச் சொல்லிவிட்டால் இன்னும் இருபது நிமிஷத் தேய்ப்பு. எனவே விவரம் தெரிந்த விருந்தாளிகள், மாவு பலகையைவிட்டு எழும்பும் முன்பே தேவாலயத்தோடு மணிக்கூண்டும் தெரிகிறது என்று சொல்லிவிடுகிறார்கள்.

இயந்திரம் கூடாது என்பதற்கு அவர் சொல்லும் காரணத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே போகும் மாவு நசுங்கி வழுவழுப்பாகிறது. மரப்பலகைமேல் மரக்கட்டையால் தேய்க்கும் மாவோ இழுபட்டு மெலிந்து, மரத்தின் சொரசொரப்பையும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. கொத்துக்கறிக் குழம்பு முன்னதில் வழுக்கும், பின்னதில் ஒட்டும். சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் இது சொரசொரப்புக்கு ஆதரவான வாதமே தவிர, கைக்கு ஆதரவான வாதம் ஆகாது. ஆலையில் வெண்கல அச்சில் பிழிந்து காயவைக்கும் பாஸ்தாவும் சொரசொரவென்றுதான் வருகிறது. டெஃப்லான் பூசிய அச்சில் பிழிந்தால்தான் பளபளப்பு. அந்தப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினால், “அது துரம் கோதுமை ரவையும் தண்ணீரும். இது 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது” என்பார். நியாயம்தான். ஆனாலும் கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கிறது: குற்றவாளி எஃகா, இயந்திரமா? இதற்குப் பதில் கிடைப்பதில்லை. மறுபடி ஜன்னல் பக்கம் போய்விடுவார்.

அவருடைய அடுத்த வாதம் எளிமை. இரண்டு கை, ஒரு கட்டை, வேறென்ன வேண்டும் என்பார். அந்தக் கட்டையைப் பார்த்தால் நம் பூரிக்கட்டைக்குக் கொள்ளுத்தாத்தா மாதிரி இருக்கும். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எந்த இழுப்பறையிலும் அடங்காமல் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. பலகை சாப்பாட்டு மேசையை முழுக்க மூடிக்கொள்ளும். அதாவது சாப்பாடு தயாராகும்வரை சாப்பிட இடம் கிடையாது. கைப்பிடி வைத்துச் சுற்றும் இயந்திரத்தைச் செருப்புப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். சப்பாத்தியைக் கையால்தானே தேய்க்கிறோம், அதற்கு யார் இயந்திரம் தேடுகிறார்கள் என்று நம்மவர்கள் கேட்கலாம். சப்பாத்திக்கு ஒரு உருண்டை போதும், கிழிந்தாலும் ஒரு சப்பாத்திதான் போகும். இங்கே நான்கு முட்டை மாவு ஒரே விரிப்பாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் வரவேண்டும். ஒரு ஓரம் பலகையின் விளிம்பைத் தாண்டித் தொங்கும். அதை வயிற்றால் அண்டக்கொடுத்துக்கொண்டு, மறுபாதியைக் கட்டையில் சுற்றி, உள்ளங்கைகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நகர்த்தி நகர்த்தி உருட்டவேண்டும். பார்க்க அழகுதான், அதை மறுக்கவில்லை. பொலோன்யா ஊரும் சும்மா இருந்ததா? வெந்த தல்யத்தெல்லே நாடா 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கவேண்டும், அது அங்குள்ள அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-ல் ஒரு பங்கு என்று 1972-ல் வணிகச் சபையில் பதிவே செய்துவைத்த ஊர் அது. அங்கே வளர்ந்தவர் மாவுக்கும் தேவாலயத்துக்கும் முடிச்சுப் போடுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பாட்டி கையால்தான் செய்தாள் என்பது அவருடைய கடைசி ஆயுதம். பாட்டி தண்ணீரையும்தான் தூக்கிவந்தாள். அதற்காக யாரும் குழாயைப் பிடுங்கி எறியவில்லை. பாட்டிக்கு அது தினப்படி வேலை, பேரனுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு. பாட்டி தேய்த்து முடித்ததும் பலகையைச் சுரண்டி, தரையைக் கூட்டி, சட்டியைக் கழுவிவைத்தாள். பேரன் கட்டையை மட்டும் துணியால் பயபக்தியோடு துடைத்துக் கதவுக்குப் பின்னால் சாய்க்கிறார். தரை ஓடுகளின் இடுக்கில் போன மாவு ஈரத்தில் பசையாகி இறுகிப்போய், அடுத்த வியாழன்வரை வீட்டில் வேறு யாரோ அதைக் கத்தி முனையால் நோண்டிக்கொண்டிருக்கிறார்கள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இயந்திரம் இல்லாமல் நிஜமாகவே பாஸ்தா செய்கிறவர்களைப் பார்க்கவேண்டும் என்றால் இத்தாலியின் தெற்கே பாரி நகரத்தின் பழைய தெருவுக்குப் போகவேண்டும். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, ரவையும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்த மாவைக் கயிறாக உருட்டி, துண்டு போட்டு, கத்தியால் ஒரு இழுப்பு, கட்டைவிரலில் ஒரு திருப்பு: ஒரெக்கியெத்தே, அதாவது குட்டிக் காது. பேசிக்கொண்டே செய்கிறார்கள், தட்டியில் காயவைத்து விற்றும்விடுகிறார்கள். கட்டை தேவையில்லை. தொஸ்கானாவில் ‘பிச்சி’ என்று உள்ளங்கையால் கயிறு கயிறாக உருட்டுகிறார்களே, அதற்கும் மெலிசாக விரிக்கும் பாடு இல்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர் இவற்றில் ஆரம்பித்தால் ஒரு மணிக்கே சாப்பிட்டுவிடலாம். நம் கட்டைக்காரரிடம் சொன்னால் முகம் சுளிக்கிறார். காதை ஜன்னலில் தூக்கிப் பிடித்து எதைப் பார்ப்பது?

இதற்கிடையில் மாவு காய்கிறது. முட்டை மாவு மெலிசாக இருக்கும்போது காற்று பட்டால் ஓரம் சருகாகும். மூன்றாவது ஜன்னலுக்கு வரும்போது விளிம்பு மொறமொறத்திருக்கும். பலகைக்கு வந்து மடித்துக் கத்தியை வைத்தால் மடித்த இடமெல்லாம் விரிசல் விடுகிறது. நீள நாடாவாக வரவேண்டியது கோணல்மாணலான துண்டுகளாக உதிர்கிறது. அவர் அசரமாட்டார். அப்படிப்பட்ட துண்டுகளுக்கும் அந்த நாட்டில் ஒரு பெயர் இருக்கிறது: மல்தல்யாத்தி, மோசமாக வெட்டியவை. பயறு சூப்பில் போடுவதற்கென்றே உள்ள ரகம். காலையிலிருந்து தாம் செய்ய நினைத்ததே அதுதான் என்று சொல்லிவிட்டு, பயறை எடுத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்.