புள்ளி மேனியும் பொருந்தும் உடையும்

கேள்வி: நியோபெட்ஸ் விளையாட்டில் தேவதை, மராக்குவன் நிறங்களின் மீதுள்ள மோகம் மற்ற நிறங்களின் மீது ஏன் இல்லை?

பதில்: 1999இல் பிரிட்டனில் தொடங்கப்பெற்ற இந்த இணைய விளையாட்டில், வளர்ப்போர் தம் கற்பனை விலங்கைப் பெரும்பாலும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் ஆகிய அடிப்படை நிறங்களுள் ஒன்றில் உருவாக்கி, பின்னர் நிறம் மாற்றும் பொருளான ‘பெயின்ட் பிரஷ்’ஷை வானவில் குளத்தில் பயன்படுத்தி வேறு நிறம் ஏற்றுகின்றனர். சிறகு தரும் தேவதை நிறமும், கடல்வாழ் உயிரியாகவே உருமாற்றும் மராக்குவனும் பார்த்தவுடன் கண்ணைப் பறிப்பதால் புகழ் முழுவதும் அவற்றுக்கே போய்ச்சேர, மேனியெங்கும் புள்ளி தெளிக்கும் ‘ஸ்பெக்கிள்டு’, உடலை இருவேறு நிறங்களாகப் பகுக்கும் ‘ஸ்பிளிட்’ போன்றவை கேட்பாரற்று நிற்கின்றன. இது நியாயமன்று. 2007இல் உடையணிவிக்கும் வசதி வந்தபின், இயல்பான உடலமைப்பை மாற்றாத இத்தகைய நிறங்களுக்கு அந்த விலங்கினத்தின் பொது உடைகள் பொருந்துகின்றன. மராக்குவன், குழந்தை, மியூட்டன்ட் ஆகிய நிறங்களை ஏற்ற விலங்குகள் தனி உடலமைப்பு கொண்டவையாதலால், அலமாரி நிறைய உடையிருந்தும் அவற்றுள் பலவற்றை அணிய இயலாமல் தவிக்கின்றன. அலங்கரித்து மகிழ விரும்புவோர் அடுத்த பிரஷ்ஷை வாங்குமுன் ஸ்பெக்கிள்டு நிறத்தை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும்.