நிழலைத் தேடிப் போங்கள்!

கேள்வி: முழு சூரிய கிரகணம் பார்க்க ஊர்விட்டு ஊர் போகவேண்டுமா? நம் வீட்டு மொட்டைமாடி போதாதா?
– ஒரு வாசகர், திருவையாறு

பதில்: போதாது, போங்கள்! 1871 டிசம்பர் 12 கிரகணத்துக்காக இத்தாலிய வானியலாளர் லொரென்சோ ரெஸ்பிகி கடல் கடந்து, தஞ்சாவூருக்குப் பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டைக்கே வந்தார். சூரியனின் ஒளிமகுடத்தை முப்பட்டகம் வழியே வண்ண வளையங்களாகக் கண்டார். 99 சதவீதம் மறைந்தாலும் அந்த மகுடம் தெரியாது. பந்தி வாசல்வரை போய்ப் பசியோடு திரும்புவதுபோல்தான். 2027 ஆகஸ்ட் 2, ஆடி அமாவாசை. அன்று முழு கிரகணம்; எகிப்தின் லக்சரில் 6 நிமிடத்துக்கு மேல் பகலில் இருட்டு. காவிரியில் முழுகியது போக, ஒரு வருஷம் நைல் கரையில் நில்லுங்கள். பாஸ்போர்ட் இல்லையா? 2034 மார்ச் 20, லடாக். கம்பளி போதும், இப்போதே உண்டியல் வையுங்கள்!