பாட்டுப்பெட்டியும் பாஸ் லினக்ஸும்

கேள்வி: அரசு மடிக்கணினியில் பாட்டுப் பிளேயரைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது; பாடல்கள் தெரியவில்லையே? – லாரி ஓட்டுநர், நாமக்கல்

பதில்: 2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்ந்து வந்த பாஸ், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளம், அது பாட்டுக்குப் பகையன்று. தரவுக் கம்பி இல்லாத கேபிள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும் என்பதால், முதலில் கேபிளை மாற்றிவிட்டு, இணைந்துள்ள கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையை இட்டுப் பார்க்க வேண்டும். பட்டியலில் பிளேயர் இருந்தும் பாடல்கள் தென்படாவிட்டால், அது எம்டிபி முறையில், அதாவது நினைவகத்தை முழுதாகத் திறந்துவிடாமல் கேட்கும் கோப்பை மட்டும் எடுத்துத் தரும் முறையில் இருக்கக்கூடும்; அதற்கு லிப்எம்டிபி என்ற நிரல் தொகுப்பை நிறுவலாம். பிளேயரின் அமைப்புகளில் எம்எஸ்சி என்ற சேமிப்பக முறை இருந்தால், பென்டிரைவைப் போலத் திறந்துகொள்ளும், இதுவே எளிது. கழற்றுமுன் எஜெக்ட் கொடுக்க மறந்தால், பாதி எழுதப்பட்ட பாட்டு சங்ககிரி தாண்டுவதற்குள் நின்றுவிடும்.