பத்திரமான இடம்

பழம்பொருள்களைப் பத்திரமாக வைக்க லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தை விட்டால் வேறு இடம் ஏது? 1753-இல் தொடங்கிய நிறுவனம். சுமார் 80 லட்சம் பொருள்கள். அவற்றில் பலவற்றுக்கு முழுமையான பட்டியல் கிடையாது. தாராள மனசுக்காரர்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

தங்க நகைகள், செதுக்கிய மணிக்கற்கள் என்று ஏறத்தாழ 2,000 பொருள்கள் காணாமலோ களவோ சேதமோ ஆனதாக 2023 ஆகஸ்டில் செய்தி வந்தது. சில ஈபேயில் விலைக்கு வந்திருந்தன. பூட்டிய அறையில் தூங்கியதை வீட்டு வாசலுக்கே அனுப்புவதைவிட நெருக்கமான மக்கள் தொடர்பு உண்டா? தபால் செலவு மட்டும் தனி.

டென்மார்க் வியாபாரி ஒருவர் 2021-லேயே எழுதி எச்சரித்தார். எல்லாம் பத்திரம் என்று பதில் போனது. தலைமை என்றால் இப்படி இருக்க வேண்டும். எதற்கும் அசையக் கூடாது. பிறகு இயக்குநரே அசைந்து, பதவி விலகினார்.

காணாமல் போனவற்றைக் கண்டால் சொல்லுங்கள் என்று மியூசியம் ஊரைக் கேட்டது. நூற்றுக்கணக்கில் திரும்பி வந்தன. நிறுவனத்தின் ஞாபகம் வாங்கியவர்களிடம் பத்திரமாக இருந்திருக்கிறது!

இதே மியூசியத்தில் இருக்கும் பார்த்தெனான் சிற்பங்களைப் பல்லாண்டுகளாகத் திருப்பிக் கேட்கும் கிரேக்கர்களே, மனு எழுதிக் கை வலித்தது போதும். ஈபேயில் ஒரு கணக்குத் தொடங்கிவிட்டுக் காத்திருங்கள்.